பிரிகம் யங் கலிபோர்னியாவுக்குப் போயிருந்தால்?

1847 ஜூன் 30. இன்றைய வயோமிங் மாநிலத்தில் ஓடும் கிரீன் ஆற்றங்கரையில் இரண்டு பேர் சந்தித்துக்கொண்டார்கள். ஒருவர் பிரிகம் யங். இலினாய்ஸிலிருந்து துரத்தப்பட்ட மோர்மன் மக்களுக்குக் குடியேற இடம் தேடி மேற்கே வந்துகொண்டிருந்தவர். இன்னொருவர் சாமுவேல் பிரானன். அதே சபைக்காரர், ஆனால் எதிர்த்திசையிலிருந்து வந்தவர். அதற்கு முந்தைய வருடம் புரூக்ளின் என்ற கப்பலில் ஏறத்தாழ 230 மோர்மன்களை நியூயார்க்கிலிருந்து ஏற்றி, தென்னமெரிக்காவின் தென்முனையைச் சுற்றிக்கொண்டு வந்து, சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவில் இறக்கியிருந்தார். அப்போது அங்கிருந்த ஊரில் ஏற்கெனவே குடியிருந்தவர்களைவிடக் கப்பலிலிருந்து இறங்கியவர்கள்தான் அதிகம். பிரானன் சியரா நெவாடா மலையைத் தாண்டி அத்தனை தூரம் வந்ததே ஒரு விஷயம் சொல்லத்தான். வழியில் எங்கும் தங்க வேண்டாம், நேராகக் கலிபோர்னியாவுக்கு வந்துவிடுங்கள், அங்கே விளையாதது எதுவும் இல்லை என்று மன்றாடினார்.

யங் மசியவில்லை. அடுத்த மாதமே இன்றைய யூட்டாவில், உப்பு ஏரிக்கரையில், வறண்ட ஒரு பள்ளத்தாக்கில் போய் நின்றார்.

"அப்படி நடந்திருந்தால்?" வகைக் கேள்விகள் எனக்கு எப்போதும் பிடிக்கும். மோர்மன்களை வைத்து அப்படி யோசித்தவர்கள் நிறைய. ஹாரி டர்ட்டில்டவ் தன் நாவல் ஒன்றில் 1881இல் யூட்டாவைக் கிளர்ந்தெழவே வைத்திருக்கிறார். ஆனால் இத்தகைய கற்பனைகளில் பெரும்பாலானவை ஒரு தலைவரின் உயிரிலோ ஒரு சண்டையின் முடிவிலோ தொங்குகின்றன. சபையை நிறுவிய ஜோசப் ஸ்மித் சாகாமல் இருந்திருந்தால், அமெரிக்கப் படையை யங் தோற்கடித்திருந்தால், இப்படி. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. இந்த மக்களின் கதையைத் தலைவர்களைவிட மக்கள்தொகைக் கணக்குதான் அதிகம் தீர்மானித்தது. ஓர் எல்லைக்குள் நூற்றுக்கு எத்தனை பேர் அவர்கள் என்ற ஒரு விகிதத்தைப் பிடித்துக்கொண்டால், எந்தக் கற்பனை நிற்கும், எது விழும் என்று ஓரளவு சொல்லிவிடலாம்.

முதலில் அந்த விகிதம் எப்படி வேலை செய்தது என்று பார்ப்போம்.

1830 ஏப்ரல் 6 அன்று நியூயார்க் மாநிலத்தில் ஆறு பேர் உறுப்பினர்களாகப் பதிவுசெய்து தொடங்கிய சபை இது. மற்ற கிறிஸ்தவ சபைகளில் சேர்ந்தவர் தன் ஊரிலேயே இருந்துகொண்டு ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போவார். இவர்கள் அப்படி இல்லை. சேர்ந்தவர்கள் எல்லோரும் ஊரைக் காலி செய்துவிட்டு ஒரே இடத்தில் கூட வேண்டும் என்பது அவர்களுடைய கொள்கை. முதலில் ஒஹையோவின் கர்ட்லண்ட். அதே சமயத்தில் மிசூரியின் ஜாக்சன் கவுண்டி, அதுதான் சீயோன் என்று 1831இல் ஸ்மித் அறிவித்த இடம். பிறகு இலினாய்ஸில் மிசிசிப்பி ஆற்று வளைவில் இருந்த சதுப்பு நிலம். அதைத்தான் நாவூ நகரமாக்கினார்கள்.

கூடி வாழ்ந்தால் என்ன ஆகும்? கவுண்டிக்குள் சீக்கிரமே பெரும்பான்மை ஆகிவிடுவார்கள். நிலம் வாங்குவதும் ஒன்றாக, ஓட்டுப் போடுவதும் ஒன்றாக. ஷெரீப் அவர்கள் ஆள், நீதிபதி அவர்கள் ஆள், நாவூவில் சொந்தமாக ஒரு படையே இருந்தது. பக்கத்துக் கவுண்டிக்காரர்களுக்கு வயிற்றில் புளி கரைக்கும். ஆனால் மாநில அளவில் பார்த்தால் இவர்கள் நூற்றுக்கு மூன்று பேர்கூட வந்திருப்பார்களா என்பது சந்தேகம். 1838இல் மிசூரியில் ஏறத்தாழ 10,000 மோர்மன்கள். 1840 கணக்குப்படி மாநிலத்தின் மக்கள்தொகை 3 லட்சத்து 83 ஆயிரம். நாவூ உச்சத்தில் இருந்தபோது அங்கே சுமார் 12,000 பேர், சிகாகோவோடு போட்டிபோடும் நகரம். ஆனால் இலினாய்ஸில் 1840லேயே 4 லட்சத்து 76 ஆயிரம் பேர் இருந்தார்கள், அது வேகமாக ஏறிக்கொண்டும் இருந்தது. உள்ளூரில் பயமுறுத்தும் அளவுக்குப் பெரிய கூட்டம், மாநிலத்தில் தற்காத்துக்கொள்ள முடியாத அளவுக்குச் சின்னக் கூட்டம். இதைவிட ஆபத்தான அளவு ஒரு சமூகத்துக்கு இருக்க முடியாது.

விளைவு தெரிந்ததுதான். 1838 அக்டோபரில் மிசூரி ஆளுநர் லில்பர்ன் பாக்ஸ் இவர்களை அழிக்க வேண்டும் அல்லது மாநிலத்தைவிட்டே துரத்த வேண்டும் என்று உத்தரவு போட்டார். மூன்றே நாளில் ஹான்ஸ் மில் என்ற குக்கிராமத்தில் 17 பேர் கொல்லப்பட்டார்கள். அந்த உத்தரவு முறைப்படி ரத்தானது 1976இல்தான். இலினாய்ஸில் 1844 ஜூன் 27 அன்று கார்த்தேஜ் சிறையில் ஜோசப் ஸ்மித்தையும் அவர் அண்ணன் ஹைரமையும் ஒரு கும்பல் சுட்டுக் கொன்றது. 1846 பிப்ரவரியில் நாவூ காலியாகத் தொடங்கியது.

சரி, மிசூரியிலேயே அவர்களை விட்டுவைத்திருந்தால்? பலர் விரும்பும் கற்பனை இது. ஜாக்சன் கவுண்டி இன்றைய கன்சாஸ் சிட்டி இருக்கும் இடம். மேற்கே போகும் பாதைகளெல்லாம் அங்கேதான் தொடங்கின. அங்கே வேரூன்றியிருந்தால் பெரும் பணக்காரச் சமூகமாகியிருப்பார்கள் என்பது வாதம். இருபது வருடம் தள்ளிப் பாருங்கள். கன்சாஸ் எல்லையில் அடிமை முறைக்காக நடந்த வெட்டுக்குத்து முழுக்க அந்த வாசலில்தான் நடந்தது. உள்நாட்டுப் போரின் நடுவே, 1863 ஆகஸ்டில், வடக்குப் படைத்தளபதி தாமஸ் யூயிங் 11ஆம் எண் உத்தரவைப் போட்டு ஜாக்சன் உள்ளிட்ட எல்லைக் கவுண்டிகளின் கிராமப்புறத்தைக் கிட்டத்தட்ட மொத்தமாகக் காலி செய்யவைத்தார். வீடுகள் எரிந்தன. வடகிழக்கிலிருந்து வந்த, அடிமை வைத்திராத, ஒன்றாக ஓட்டுப் போடும் ஒரு கூட்டத்தை அந்தப் போரில் இரண்டு தரப்புமே நம்பியிருக்காது. 1838இல் தப்பித்தவர்கள் 1863இல் அகப்பட்டிருப்பார்கள்.

ஜோசப் ஸ்மித் பிழைத்திருந்தால் என்ற கற்பனையில் எனக்குச் சொல்ல அதிகம் இல்லை. 1844இல் அவர் குடியரசுத் தலைவர் தேர்தலில் நின்றுகொண்டிருந்தார். டெக்ஸாஸ், ஆரெகன், கலிபோர்னியா என்று இடம் பார்க்கவும் தொடங்கியிருந்தார். பிழைத்திருந்தாலும் இலினாய்ஸ் தாங்கியிருக்காது. டெக்ஸாஸ்? அதற்கு வரலாறே ஒரு சோதனை ஓட்டம் நடத்திக் காட்டிவிட்டது. லைமன் வைட் என்ற அப்போஸ்தலர் யங்கின் பேச்சைக் கேட்காமல் ஒரு சிறு கூட்டத்தோடு டெக்ஸாஸ் போனார். 1858இல் அவர் இறந்ததும் அந்தக் குடியேற்றம் கலைந்துபோனது. ஜேம்ஸ் ஸ்டிராங் இன்னொரு கூட்டத்தோடு மிச்சிகன் ஏரியில் பீவர் தீவுக்குப் போய் 1850இல் முடிகூடச் சூட்டிக்கொண்டார். 1856இல் அவரைச் சுட்டார்கள், தீவிலிருந்த அவர் ஆட்களையெல்லாம் கப்பலில் ஏற்றி வெளியே தள்ளினார்கள்.

இப்போது கலிபோர்னியாவுக்கு வருகிறேன். பிரானன் சொன்னது கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. பூர்வகுடிகளைச் சேர்க்காமல் பார்த்தால், 1848 தொடக்கத்தில் கலிபோர்னியாவில் இருந்தது ஏறத்தாழ 15,000 பேர். யங்கை நம்பி மிசூரி ஆற்றங்கரைக் கூடாரங்களில் காத்திருந்தவர்களும் கிட்டத்தட்ட அதே அளவு. எல்லோரும் வந்திருந்தால் இரண்டு பேருக்கு ஒருவர் மோர்மன். பிரானன் கையில் ஏற்கெனவே ஒரு பத்திரிகை இருந்தது. மெக்சிகோ போருக்காகச் சேர்ந்த மோர்மன் பட்டாளத்தின் சுமார் 500 பேரில் பெரும்பகுதி சான் டியேகோ வரை நடந்தே வந்து சேர்ந்திருந்தது. காகிதத்தில் இது ஒரு நாட்டுக்கு அஸ்திவாரம் மாதிரித்தான் தெரிகிறது.

ஆனால் 1848 ஜனவரி 24 அன்று கொலோமாவில் ஜான் சட்டரின் மர அறுவை ஆலைக் கால்வாயில் தங்கம் தட்டுப்பட்டது. அந்த ஆலையைக் கட்டிய கூலியாட்களில் பலர் யார் தெரியுமா? பணி முடிந்து வீடு திரும்பக் காசு சேர்த்துக்கொண்டிருந்த மோர்மன் பட்டாளத்துக்காரர்கள்தான். கண்டெடுத்த தேதி இன்று நமக்குத் திட்டமாகத் தெரிவதே அவர்களில் ஒருவரான ஹென்றி பிக்லர் எழுதிவைத்த நாட்குறிப்பால்தான். சில மாதம் கழித்து, மே மாதத்தில், சான் பிரான்சிஸ்கோ தெருவில் தங்கத்தூள் அடைத்த குப்பியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கத்தினார் ஒருவர். அவர் வேறு யாருமில்லை, இதே பிரானன். அதற்கு முன்பே மண்வெட்டி, சல்லடைச் சட்டி எல்லாவற்றையும் வாங்கித் தன் கடையில் அடுக்கி வைத்திருந்தார்.

1849 முடிவதற்குள் அந்த 15,000 ஒரு லட்சத்தை நெருங்கிவிட்டது. 1860இல் 3 லட்சத்து 80 ஆயிரம். யங் அங்கே போயிருந்தால், பாதியாக இருந்த அவர் மக்கள் இரண்டே வருடத்தில் நூற்றுக்குப் பதினைந்து பேராகச் சுருங்கியிருப்பார்கள். வந்தவர்களில் மிசூரிக்காரர்களும் இலினாய்ஸ்காரர்களும் ஏராளம். நிலம் யாருடையது என்று அவர்கள் கேட்டுக்கொண்டு நிற்கவில்லை. சட்டரையே எடுத்துக்கொள்ளுங்கள். அந்தப் பள்ளத்தாக்கில் அவரைவிடப் பெரிய நிலக்காரர் இல்லை. அவர் நிலத்தில் ஊர் ஊராக ஆட்கள் புகுந்து, மாடுகளை வெட்டித் தின்று, சில வருடங்களில் அவரை ஓட்டாண்டியாக்கினார்கள்.

வெளியாட்கள் மட்டுமா பிரச்சினை? சொந்த ஆட்களும் கரைந்திருப்பார்கள். பிரானன் சீக்கிரமே சபையைவிட்டு விலகி, கலிபோர்னியாவின் முதல் கோடீஸ்வரர் என்று பெயர் வாங்கினார். 1851இல் யங் தானே ஒரு கூட்டத்தைத் தெற்குக் கலிபோர்னியாவுக்கு அனுப்பி சான் பெர்னார்டினோவில் குடியேற்றினார். 1857இல் எல்லோரும் யூட்டாவுக்குத் திரும்புங்கள் என்று உத்தரவு போனபோது பலர் வரவே இல்லை. ஆறே வருடத்தில் அந்த மண் அவர்களைத் தனதாக்கிக்கொண்டது.

இனி அந்த வறண்ட பள்ளத்தாக்கு. 1847 ஜூலை 23 அன்று, யங் உள்ளே வருவதற்கு ஒருநாள் முன்பு, முன்னால் போன குழு கலப்பையை இறக்கியது. நிலம் கட்டாந்தரை. கலப்பைகள் உடைந்தன. பக்கத்தில் ஓடிய சிட்டி கிரீக் ஓடையை மறித்து, தண்ணீரைத் திருப்பி வயலில் பாய்ச்சி, மண் இளகிய பிறகு மறுபடி உழுது உருளைக்கிழங்கு ஊன்றினார்கள். அந்த ஓடைத் தண்ணீர் திரும்பிய இடத்தில்தான் யூட்டாவின் மக்கள்தொகை தொடங்குகிறது என்பேன். மழையை நம்பி உழும் ஊர்க்காரன் தனியாகப் பிழைக்கலாம். இங்கே வாய்க்கால் வெட்ட ஐம்பது வீடு சேர வேண்டும், தண்ணீரை முறைவைத்துப் பங்கிட எல்லோரும் கேட்கும் ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளாக சபையின் பிஷப் இருந்தார். தனியாக வந்த வெளியாள் இங்கே வேரூன்றுவது கஷ்டம். 1849இல் தங்கத்துக்கு ஓடியவர்கள் ஆயிரக்கணக்கில் சால்ட் லேக் வழியாகப் போனார்கள். களைத்த மாட்டையும் பாரமான சாமானையும் அடிமாட்டு விலைக்கு விற்றார்கள், மாவையும் நல்ல குதிரையையும் கேட்ட விலை கொடுத்து வாங்கினார்கள், போய்விட்டார்கள். தங்க வேட்டையின் லாபம் மோர்மன்களுக்கு வந்தது, கூட்டம் கலிபோர்னியாவுக்குப் போனது. 1850இல் யூட்டாவில் 11,380 பேர். 1860இல் 40,273. 1880இல் 1,43,963. அந்த எல்லைக்குள் அவர்கள் அசைக்க முடியாத பெரும்பான்மை.

இங்கே நின்று ஒன்று சொல்லியாக வேண்டும். இந்தக் கற்பனைகளில் யூட்டாவைக் காலி நிலமாக எழுதுவது வழக்கமாகிவிட்டது. அது காலி நிலம் இல்லை. யூட், ஷோஷோனி, பையூட், கோஷூட் மக்கள் மீன் பிடித்து, விதை சேகரித்து, வேட்டையாடி வாழ்ந்த நிலம். பாலைவனத்தில் தண்ணீர் இருக்கும் இடம் கொஞ்சம்தான். குடியேறியவர்களுக்கு எந்த ஓடை வேண்டுமோ அதே ஓடைதான் அவர்களுக்கும் சோறு. 1850 பிப்ரவரியிலேயே இன்றைய புரோவோவில் யூட் மக்களைக் குடியேறிகள் தாக்கிக் கொன்றார்கள். மோர்மன்களின் எண்ணிக்கை ஏற ஏற அவர்களுடையது இறங்கியது. இந்த இரண்டையும் தனித்தனிக் கதையாக எழுதுவது நேர்மை இல்லை.

எண்ணிக்கை ஏறியது எப்படி? பலதார மணத்தால் பிள்ளைகள் பெருகின என்று பலர் நினைக்கிறார்கள். கணக்கு வேறு. ஒரு ஆணுக்குப் பிள்ளைகள் அதிகமாகலாம். ஆனால் ஒரு சமூகம் பெருகுவது ஒரு பெண்ணுக்கு எத்தனை பிள்ளை என்பதை வைத்துத்தான். பலதார வீடுகளில் அது சராசரியாகச் சற்றுக் குறைவாகவே இருந்தது. பெருகியதற்குக் காரணம், பெண்கள் இளவயதில் மணந்ததும் நிறையப் பெற்றதும். அதோடு கடல் தாண்டி வந்த கூட்டம். 1850களின் தொடக்கத்தில் யூட்டாவைவிடப் பிரிட்டனில்தான் மோர்மன்கள் அதிகம், 30,000க்கும் மேல். லங்காஷயர் ஆலைத் தொழிலாளிக்கும் வேல்ஸ் சுரங்கத் தொழிலாளிக்கும் சொந்த நிலம் என்ற வார்த்தை பெரிய வார்த்தை. 1849இல் தொடங்கிய குடியேற்ற நிதி அவர்களுக்குக் கடனாகக் கப்பல் கட்டணம் கொடுத்தது. மாட்டுவண்டி வாங்க வழியில்லாதவர்கள் 1856 முதல் கைவண்டியை இழுத்துக்கொண்டு சமவெளியைக் கடந்தார்கள். அந்த முதல் வருடத்தில் தாமதமாகக் கிளம்பிய வில்லி, மார்ட்டின் குழுக்கள் வயோமிங் பனியில் சிக்கி 200க்கும் மேற்பட்டவர்களைப் பறிகொடுத்தன. அவர்களைப் பற்றி வாசிக்கும்போதெல்லாம் எனக்கு மனது ஆறுவதில்லை.

நம் ஊருக்கும் ஆள் அனுப்பினார்கள். ரிச்சர்ட் பாலன்டைன் 1853இல் சென்னை வந்து பிரசங்கம் செய்தார், பிரசுரங்களை அச்சடித்தும் விநியோகித்தார். பெரிதாக யாரும் சேரவில்லை. லிவர்பூலில் பலித்தது இங்கே பலிக்காததில் ஆச்சரியமில்லை. அவரால் இங்கிருந்து யாருக்கும் கப்பல் டிக்கெட்டும் நிலமும் காட்ட முடியவில்லை.

அவரை இங்கே அனுப்பிய 1852 ஆகஸ்ட் மாநாட்டில்தான் பலதார மணத்தையும் சபை முதன்முதலாக வெளிப்படையாக அறிவித்தது. என் பார்வையில் எல்லாமே மாறியிருக்கக்கூடிய புள்ளி இதற்குச் சற்று முன்னால் இருக்கிறது. பெரும்பாலோர் கவனிக்காத ஒன்று.

1849இல் மோர்மன்கள் டெசரெட் என்ற பெயரில் ஒரு மாநிலம் கேட்டார்கள். இன்றைய யூட்டாவும் நெவாடாவும் கிட்டத்தட்ட முழுவதும், அரிசோனாவின் பெரும்பகுதி, சான் டியேகோ துறைமுகம் வரை. காங்கிரஸ் 1850இல் அதை வெட்டி யூட்டா பிரதேசம் என்று மட்டும் கொடுத்தது. ஆனால் இடையில் குடியரசுத் தலைவர் ஜக்கரி டெய்லர் வேறொரு வழி பார்த்தார். புது நிலங்களில் அடிமை முறை உண்டா இல்லையா என்ற சண்டையைத் தாண்டிப்போக, கலிபோர்னியாவையும் டெசரெட்டையும் ஒரே மாநிலமாகச் சேர்த்துக்கொள்ளலாம் என்று ஜான் வில்சன் என்ற தூதரை சால்ட் லேக்குக்கு அனுப்பினார். யங் ஒப்புக்கொண்டார், ஒரே நிபந்தனையோடு: 1851இல் இரண்டும் தானாகப் பிரிந்து, டெசரெட் தனி மாநிலமாகிவிட வேண்டும். கலிபோர்னியா தலைவர்கள் மறுத்ததால் அது அப்படியே போனது.

அவர்கள் தலையாட்டியிருந்தால்? 1851இல், பலதார மணம் ஊருக்குத் தெரிவதற்கு ஒரு வருடம் முன்பே, டெசரெட் முழு மாநிலம். மாநிலத்துக்கும் பிரதேசத்துக்கும் வித்தியாசம் சாதாரணமில்லை. பிரதேசத்துக்கு ஆளுநரை வாஷிங்டன் நியமிக்கும், நீதிபதியை வாஷிங்டன் அனுப்பும், திருமணச் சட்டத்தைக்கூடக் காங்கிரஸே போடலாம். மாநிலத்தில் இதெல்லாம் உள்ளூர் ஓட்டு. யங்குக்குப் பதில் வேறு ஆளுநரை உட்காரவைக்கத்தான் 1857இல் 'யூட்டா போர்' என்று சொல்லப்படும் படையெடுப்பே நடந்தது. டெசரெட் மாநிலமாக இருந்திருந்தால் அந்தப் படை கிளம்பியிருக்காது. படை வருகிறது என்ற வெறியின் நடுவே அந்த செப்டம்பரில் மவுண்டன் மெடோஸில் மோர்மன்கள் சுமார் 120 பயணிகளைக் கொன்றார்களே, அந்தக் கொடுமையும் நடக்காமல் போயிருக்க வாய்ப்புண்டு.

உண்மையில் நடந்தது பழைய விகிதக் கணக்கேதான், இன்னும் பெரிய அளவில். யூட்டாவில் பெரும்பான்மை, நாட்டில் ஆயிரத்துக்கு மூன்று நான்கு பேர். 1869இல் ரயில் வந்ததும் தனிமை போனது. 1887இன் எட்மண்ட்ஸ்–டக்கர் சட்டம் சபையின் சொத்தைப் பறித்தது, 1870 முதல் ஓட்டுப் போட்டுவந்த யூட்டாப் பெண்களின் வாக்குரிமையையும் பறித்தது. 1890இல் பலதார மண விஷயத்தில் சபை பணிந்தது. 1860இல் 7,000 பேர்கூட இல்லாத நெவாடா 1864இலேயே மாநிலம். அப்போதே 40,000 பேர் இருந்த யூட்டா, நெவாடாவுக்கும் கொலராடோவுக்கும் வயோமிங்குக்கும் நிலத்தை இழந்து, 1896 ஜனவரி 4 வரை காத்திருந்தது.

எதிர்காலத்தைப் பற்றியும் இப்படி ஒரு கணக்கு உண்டு. ராட்னி ஸ்டார்க் என்ற சமூகவியலாளர் 1984இல், பத்தாண்டுக்கு 50 விழுக்காடு வளர்ந்தால் 2080இல் மோர்மன்கள் 26 கோடியைத் தாண்டுவார்கள் என்று எழுதினார். 30 விழுக்காடு என்றால் 6 கோடிக்கு மேல். 2010க்கும் 2020க்கும் இடையே வளர்ச்சி 18 விழுக்காடு. இன்று உறுப்பினர்கள் 1 கோடியே 70 லட்சத்துக்கு மேல்.

ஆக, என் தீர்ப்பு இது: கலிபோர்னியா, டெக்ஸாஸ், மிசூரி எல்லாமே பலிக்காத கற்பனைகள், டெய்லரின் திட்டம் மட்டும் பலித்திருக்கக்கூடியது. கதை எழுதுகிறவர்கள் யாராவது இதைப் படித்தால், அந்த 1851ஐ எடுத்து எழுதுங்கள். எழுதும்போது ஷோஷோனிகளை விட்டுவிடாதீர்கள். 1863 ஜனவரியில் பேர் ஆற்றங்கரையில் அவர்களில் 200க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது கலிபோர்னியாவிலிருந்து வந்த அமெரிக்கப் படை. மோர்மன்களை வாஷிங்டன் நம்பாததும் அந்தப் படையை யூட்டாவில் நிறுத்தியதற்கு ஒரு காரணம். உங்கள் டெசரெட்டில் அந்தப் படை இருக்காது. ஆனால் கேஷ் பள்ளத்தாக்கில் அவர்களுடைய உணவு நிலங்களைப் பிடித்து உழுத குடியேறிகள் அப்போதும் இருப்பார்கள். அதையும் சேர்த்து எழுதுங்கள்.